பெருமனை நிர்வாகம்

ஆங்கில நவீனங்களைப் பாடமாகப் பயிலும் நம் மாணவர்கள், அக்கதைகளில் வரும் பெரிய மாளிகையின் வாயிலைத் தாண்டியவுடன் ஒரு சிறு கூட்டத்தைச் சந்திக்கிறார்கள். ஸ்டூவர்டு, ஹவுஸ்கீப்பர், பட்லர், புட்மேன் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து நிற்கும் அவர்கள் அனைவரையும் 'வேலைக்காரர்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு மேலே செல்வது வழக்கமாய் இருக்கிறது. ஒருமுறை ஒரு மாணவர் 'பட்லர்' என்பதற்குச் 'சமையற்காரர்' என்று எழுதியிருந்தார். அவர்மீது முழுக் குற்றமும் சுமத்துவதற்கில்லை. சென்னை மாகாணத்துத் துரைமார் பங்களாக்களில், கடைக்குப் போவது, கணக்குச் சொல்வது, அடுப்பங்கரையை மேற்பார்ப்பது எல்லாம் செய்த ஒருவரே பட்லர் எனப்பட்டார். அவர் வகுப்பார் பேசிய ஆங்கிலத்துக்குப் 'பட்லர் இங்கிலீஷ்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் அச்சொல் பிறந்த இடத்தில் பட்லர் என்பவர் புட்டிகளைக் காப்பவர். மதுவறையும் வெள்ளிப் பாத்திரங்களும் அவர் பொறுப்பு. அடுப்பண்டை அவருக்கு வேலையே இல்லை.

ஆகவே அப்பெருமனைகளும் அவற்றைச் சூழ்ந்த நிலங்களும் யாரால், எவ்வாறு நடத்தப்பெற்றன என்பதைச் சற்று விரித்துரைத்தல் பயன்படும் என்று எண்ணுகிறேன். நம் வாசகர்களுக்கு 'உக்கிராணக்காரன்' என்ற சொல் புதிதன்று. உக்கிராணம் என்பது பண்டசாலை; கலியாண வீடுகளில் அரிசியும் பருப்பும் வெல்லமும் அடுக்கி வைக்கும் அறைக்கு அப்பெயருண்டு. பிறர் பொருளைத் தன் கையில் வைத்து வழங்கி, கேட்கப்படும்பொழுது கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன் உக்கிராணக்காரன். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் இச்சொல்லைத் தேர்ந்துகொண்டது மிகப் பொருத்தமே. ஆங்கிலப் பெருமனையின் வரலாறு முழுவதும் இக்கணக்கு ஒப்புவித்தலின் வரலாறு என்றே கூறலாம். ஒப்புவிக்க வேண்டியவன் யோக்கியனா என்பதைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. கேட்க வேண்டியவன் காலத்தில் கேட்டானா என்பதை அவ்வளவாக ஆராய்ந்ததில்லை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஆங்கில நாட்டில் பிரபுவின் பூஸ்திதி பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிடப்படவில்லை. பெரும்பாலும் மூத்த மகனுக்கே முழுவதும் சேர்ந்தது. அவனும் அதை இஷ்டம்போல் விற்றுவிடாதபடி, தலைமுறைதோறும், வாரிசின் விவாகத்தையோ வயது வருதலையோ ஒட்டி, ஓர் ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிக் கட்டி வைத்தனர். அதன்படி அவன் தன் ஆயுள் உள்ளளவும் வருமானத்தை அனுபவிக்கலாம், முதலைத் தொடலாகாது. விதவைத் தாயின் ஜீவனாம்சம், சகோதரிகளின் சீர்ப்பணம், தம்பியரின் பங்குத்தொகை ஆகிய யாவும் அவ்வருமானத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டன. வெளியே பார்த்தால் பதினாயிரம் ஏக்கர். உள்ளே பார்த்தால் கைச்செலவுக்கு முட்டுப்பாடு! இவ்வாறு கட்டப்பட்ட நிலத்தை விற்க உரிமை தந்து, கிடைத்த பணத்தை முதலாகவே வைத்திருக்க வேண்டும் என்று விதித்த சட்டம் 1882-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதுகாறும் பிரபுவும் தன் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே நின்ற ஓர் உக்கிராணக்காரரே.

இந்நிலத்தை நேரே கவனித்தவர் ஏஜெண்டு எனப்பட்டார். நம் ஜமீன்களில் திவான் என்றும் காரியஸ்தர் என்றும் அழைக்கப்பட்டவரின் ஸ்தானம் அது. குத்தகைக்காரரைத் தேர்தல், பத்திரம் எழுதுதல், வேலியும் வடிகாலும் களஞ்சியமும் பழுதுபார்த்தல், காட்டு மரம் வெட்ட நாள் குறித்தல், வேட்டைக்காவலரை ஆளுதல் ஆகியவை அவர் கடமைகள். மார்ச்சு 25, செப்டம்பர் 29 என்னும் இரு நாட்களும் குத்தகை செலுத்தும் தவணைகளாக வழங்கின. பணம் கட்ட வந்த குடியானவருக்குப் பல எஸ்டேட்டுகளில் விருந்தும் நடக்கும். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வயிறு நிறைந்து போனான் என்பதில் சாமர்த்தியமும் உண்டு. நார்போக்கு மாகாணத்து ஹோல்கமில், வேளாண்மைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற தாமஸ் வில்லியம் கோக்கிடம் 1816 முதல் 1832 வரை ஏஜெண்டாயிருந்த பிரான்சிஸ் பிளெய்க்கி, எந்த வயலில் எப்பயிர்க்குப்பின் எப்பயிர் விதைப்பது என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே விதியாக எழுதச் செய்தார். முன்பு வக்கீல்களே உபதொழிலாகப் பார்த்துவந்த இவ்வேலை, சிரன்செஸ்டரில் 1845-ஆம் ஆண்டில் விவசாயக் கல்லூரியும், லண்டனில் 1868-ஆம் ஆண்டில் நில அளவையாளர் சங்கமும் ஏற்பட்ட பின்னர், கற்றுத் தேறவேண்டிய தனித்தொழிலாயிற்று.

நிற்க. மாளிகைக்குள் நுழைவோம். அங்கே ஆட்சி வேறு. மிகப்பெரிய குடும்பங்களில் மட்டும் உள்வீட்டு ஸ்டூவர்டு ஒருவர் எல்லோர்க்கும் தலைவராயிருந்தார். மற்ற இல்லங்களில் ஆண் ஊழியர் பட்லருக்கும், பெண் ஊழியர் ஹவுஸ்கீப்பருக்கும் அடங்கினர். சமையலுக்குத் தலைவர் அநேகமாக இல்லத்தலைவியிடமே நேரே உத்தரவு பெறுவார். குழந்தைகளின் தாதியும், சீமாட்டியின் அணிமணிகளைக் கவனிக்கும் தோழிப்பெண்ணும் ஹவுஸ்கீப்பரின் அதிகாரத்துக்கு வெளியே நின்றனர். இந்த எல்லைகளைப்பற்றி எழுந்த பூசல்கள் ராஜாங்க எல்லைப் பூசல்களைவிடக் கடுமையானவை.

ஹவுஸ்கீப்பரின் அடையாளம் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து. அவர் கன்னியாயினும், பதவியின் மரியாதைக்காக 'மிஸஸ்' என்றே அழைக்கப்படுவார். பண்டசாலை, துணியறை, பீங்கானறை ஆகியவற்றின் திறவுகோல்கள் அக்கொத்தில் இருக்கும். தேயிலை, சர்க்கரை, சவுக்காரம், மெழுகுவத்தி ஆகியவற்றை நாள்தோறும் அளந்து எடுத்துக் கொடுப்பார். கொடுத்ததை ஏட்டில் பதிவார். படுக்கை விரிப்பும் மேசைத் துணியும் ஒவ்வொன்றும் எண்ணும் வருஷமும் தைக்கப்பெற்று, சலவைக்குப் போய் வரும்போது அவ்வெண்ணைக்கொண்டே சரிபார்க்கப்படும். பழப்பாகு, ஊறுகாய், வாசனை நீர், உயர்ந்த பலகாரங்கள் இவற்றைச் செய்வதற்கென ஒரு தனியறையும், அதில் ஒரு பெண்ணும் அவருக்குக் கீழ் உண்டு. யாத்திரிகர் வந்தால் மாளிகையைச் சுற்றிக் காட்டி இனாம் பெறுவதும் அவர் உரிமை. ஜேன் ஆஸ்டின் 1813-ஆம் ஆண்டில் வெளியிட்ட நவீனத்தில், டார்ஸியின் குணத்தைக் கதாநாயகி முதன்முதல் சரியாக அறிவது ஹவுஸ்கீப்பர் ஒருவர் வாயிலாகத்தான் என்பதைப் பாடம் படித்தோர் மறந்திரார்.

சாப்பாட்டு மேசையிலும் படிநிலை விடவில்லை. எல்லா ஊழியரும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து மாமிச உணவு உண்பர். பிறகு பட்லர், ஹவுஸ்கீப்பர் முதலிய மேல்நிலையார் எழுந்து வரிசையாக ஹவுஸ்கீப்பரின் அறைக்குப் போய் இனிப்புப் பண்டம் உண்பர். விருந்தினரோடு வந்த ஊழியர்கள் தங்கள் எஜமானரின் பட்டப்பெயராலேயே அழைக்கப்பட்டு, அப்பட்டத்தின் வரிசைப்படி ஆசனம் பெற்றனர். மேல்மாடியில் கோமகளுக்குள்ள முதலிடம் கீழே அவள் தோழிப்பெண்ணுக்கும் உண்டு. சாதி வரிசையைப்பற்றி நம்மைக் கடிந்துகொள்ளும் பிறநாட்டார் இதனையும் சேர்த்துப் பார்த்தால் நலம். அதனால் நம் குற்றம் குறைந்துவிடும் என்பதன்று.

ஆண் ஊழியரை வைத்திருத்தல் ஓர் ஆடம்பரம் என்று அரசாங்கமே கருதியது. அமெரிக்கப் போரின் செலவை ஈடுகட்ட நார்த் பிரபு 1777-ஆம் ஆண்டில் ஆண் ஊழியர்மீது தலைக்கு ஒரு கினி வரி விதித்தார். போர் முடிந்தது, அமெரிக்காவும் கைவிட்டுப் போயிற்று, வரிமட்டும் உருமாறி உருமாறி 1937 வரை நின்றது. சரிகை உடுப்பணிந்த உயரமான புட்மேன் இருவர் வண்டியின் பின்னால் நிற்பது ஐசுவரியத்தின் அடையாளமானதற்கு இதுவும் ஒரு காரணம். பாரமான வேலையோ பெண்கள்மீதே விழுந்தது. 1891-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டூழியத்தில் இருந்தனர். விடியுமுன் எழுந்து கணப்புச் சாம்பலை அள்ளி, நிலக்கரி நிரப்பி, வெந்நீர்ப் பாத்திரங்களை மாடிமாடியாகச் சுமந்தவர்கள் இவர்களே. எஜமானர் விழிக்குமுன் அறையில் தீ எரிய வேண்டும். ஆனால் மூட்டியவள் கண்ணில் படலாகாது.

சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். இஸபெல்லா பீட்டன் என்ற அம்மையார் 1861-ஆம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்ட குடித்தன நிர்வாக நூலில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஹவுஸ்கீப்பருக்கு ஆண்டுக்கு 20 முதல் 45 பவுன். பாத்திரம் தேய்க்கும் சிறுமிக்கு 5 முதல் 9 பவுன். தேயிலை, சர்க்கரை, பீர் ஆகியவற்றுக்குப் படி கொடுத்தால் இத்தொகையிலும் குறையும். (அந்நூலைத் தொகுத்த அம்மையார் பெருமனை எதனையும் ஆண்டவரல்லர், 28-ஆம் வயதிலேயே காலமானவர். ஆயினும் பல்லாயிரம் இல்லத்தலைவியர் அதையே பிரமாணமாகக் கொண்டனர்.)

சம்பளத்துக்கு வெளியே 'வழக்கப் பேறு' என்று ஒன்றுண்டு. இங்கேதான் கணக்கு வழுக்கும். வறுத்த இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பைச் சமையற்காரர் விற்கலாம். எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகள் பட்லரைச் சேரும். பழைய உடுப்பு, அணிவித்த ஊழியருக்கு. கடைக்காரர்கள் வாங்குகிறவருக்குக் கழிவு கொடுப்பார்கள். இவை யாவும் எழுதா விதிகள். மெழுகுவத்தி எவ்வளவு எரிந்தால் 'துண்டு' ஆகும்? எவ்வளவு கொழுப்பு தானாக வடிந்தது, எவ்வளவு வடிக்கப்பட்டது? பேறு எங்கே முடிந்து களவு எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்காமல் விட்டுவிட்டு, மனம் கசந்த நாளில் எல்லாவற்றையும் களவு என்பது எஜமானர் பலருக்கு வசதியாயிருந்தது.

ஊழியருக்கோ ஒரே காப்பு நற்சான்றுக் கடிதம். போலிச் சான்று கொடுப்பதைத் தண்டிக்க 1792-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். ஆனால் உண்மைச் சான்றைக் கொடுத்தே தீரவேண்டும் என்று எஜமானரைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. இருபது வருஷம் உழைத்தவரும் ஒரு காகிதத் துண்டு இல்லாமல் வாயிலைத் தாண்டினால் வேறோர் இடம் கிடைப்பது அரிது. உண்டதும் உறங்கியதும் எஜமானர் வீட்டிலேயாகையால், வேலை போன அன்று வீடும் போயிற்று.

இனி இம்முறை நன்கு நடந்த இடமொன்றைப் பார்ப்போம். டெர்பிஷயரில் டெவன்ஷயர் கோமகன் குடும்பத்தின் சாட்ஸ்வொர்த் மாளிகை இருக்கிறது. ஆறாம் கோமகன், தம் லண்டன் இல்லத்தின் அண்டையிலிருந்த தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை செய்த ஜோசப் பாக்ஸ்டன் என்னும் 22 வயது இளைஞரை 1826-ஆம் ஆண்டில் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு 70 பவுனும் ஒரு குடிலும். பாக்ஸ்டன் விடியற்காலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார், வாயில் திறக்கவில்லை, சுவரேறிக் குதித்துத் தோட்டம் முழுவதும் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் விட்டு, பின்னர் ஹவுஸ்கீப்பரோடு காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்தார். அங்கே இருந்த ஹவுஸ்கீப்பரின் உறவுப்பெண் ஸாரா பௌன்மீது காதல் கொண்டார். இவ்வளவும் ஒன்பது மணிக்குள் முடிந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். மறு ஆண்டில் விவாகம் நடந்தது.

பாக்ஸ்டன் 277 அடி நீளமுள்ள கண்ணாடி மாளிகை ஒன்றைச் செடிகளுக்காக எழுப்பினார். விக்டோரியா மகாராணி 1843-ஆம் ஆண்டில் வண்டியிலேயே அதனுள் சென்றார். ருஷ்யச் சக்கரவர்த்தி வருவார் என்று ஓர் உயர்ந்த நீரூற்றை அமைத்தனர், சக்கரவர்த்தி வரவில்லை, ஊற்றுக்கு மட்டும் அவர் பெயர் நின்றது. மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு குட்டை வாழையை அவர் அங்கே வளர்த்துப் பூக்கச் செய்தார். கோமகனின் குடும்பப் பெயரால் அது காவெண்டிஷ் எனப்பட்டது. நம் கடைகளில் மோரிஸ் என்று விற்கும் பச்சை வாழையும் அவ்வினத்ததே. தோட்டக்காரர் படிப்படியாக உயர்ந்து எஸ்டேட்டுக்கே ஏஜெண்டானார். 1851-ஆம் ஆண்டில் லண்டன் ஸ்படிக மாளிகையைக் கட்டி ஸர் பட்டம் பெற்றார். 1854-ல் பார்லிமெண்டு அங்கத்தினருமானார். அவர் கோமகனோடு வெளிநாடுகளில் மாதக்கணக்காகச் சுற்றியபோது, ஆட்களுக்குக் கூலி கொடுத்து, செலவை எழுதி, சாட்ஸ்வொர்த்துத் தோட்டத்தை நடத்தியவர் அவர் மனைவியே. அவருக்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை.

ஆனால் இத்துணைத் திறமையாளரும் ஒன்றைச் செய்ய இயலவில்லை. கோமகன் கட்டுவதையும் வாங்குவதையும் நிறுத்தும்படி செய்ய இயலவில்லை. கடன் மிகுந்து, 1845-ஆம் ஆண்டில் யார்க்ஷயரிலுள்ள லண்டஸ்பரோ எஸ்டேட்டை ரயில்வே முதலாளி ஜார்ஜ் ஹட்ஸனுக்கு 4,70,000 பவுனுக்கு விற்க நேர்ந்தது. அப்படியும், 1858-ல் கோமகன் இறந்தபொழுது அடுத்தவர் கண்டது ஏறக்குறையப் பத்து லட்சம் பவுன் கடன். உக்கிராணக்காரன் எஜமானனுக்குக் கணக்குக் கொடுக்கிறான். எஜமானன் யாருக்குக் கொடுப்பது? பாக்ஸ்டன் அவ்வாண்டிலேயே பதவியை விட்டு விலகினார்.

இதற்கு நேர் எதிரான நிலையைத் தெற்கே, ஸஸெக்ஸ் மாகாணத்து அப்பார்க் மாளிகையில் காணலாம். அதன் தலைவர் ஸர் ஹாரி பெதர்ஸ்டன்ஹா, தமது 71-ஆம் வயதில், 1825-ஆம் ஆண்டில், தம் பால்பண்ணையில் வேலைசெய்த மேரி ஆன் புல்லக் என்ற இளம்பெண்ணை மணந்தார். அவர் பண்ணையில் பாடியதைக் கேட்டு மனம் பறிகொடுத்தார் என்பர். ஸர் ஹாரி 1846-ல் இறந்தார். சொத்து அப்பெண்ணுக்கும், அவருக்குப்பின் அவர் தங்கை பிரான்ஸெஸுக்கும் வந்தது. சகோதரிகள் மாளிகையில் எதையும் மாற்றாமல் பழையபடியே வைத்திருந்தனர்.

இத்தங்கைக்கு இளமையில் தோழிப்பெண்ணாயிருந்தவர் ஸாரா. அவர் அங்கே தோட்டக்காரராயிருந்த ஜோசப் வெல்ஸை மணந்து, பிராம்லி என்னும் ஊரில் பீங்கான் கடை வைத்து, வறுமையில் உழன்றார். 1877-ல் கணவர் கால் முறிந்தது. 1880-ஆம் ஆண்டில் பழைய எஜமானி, பழைய அன்பினால், ஸாராவை அழைத்து ஹவுஸ்கீப்பர் ஆக்கினார். அவர் மகனே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஆசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ். சிறுவன் வெல்ஸ் தாயின் அறையில் தங்கி, மாளிகைப் புத்தகசாலையில் பிளேட்டோவின் 'குடியரசு' முதலியவற்றைப் படித்தான். பனி அடைத்த நாட்களில் ஊழியரின் களிப்புக்காகக் கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினான். சமையற்கட்டும் குதிரைலாயமும் மாளிகைக்கு வெளியே இருந்தன. அவற்றிலிருந்து பூமிக்கடியில் சுரங்கவழிகள் வெட்டியிருந்தார்கள். தட்டேந்தியவர்கள் அவ்விருளில் போய் வருவார்கள். மேலே புல்வெளியில் உலாவுவோர் கண்ணுக்கு ஓர் ஊழியரும் தென்படார். வெல்ஸ் 1895-ல் எழுதிய காலயந்திரக் கதையில் ஒரு கூட்டம் பூமிக்கு மேலும் ஒரு கூட்டம் கீழும் வாழ்வதைப் படிப்போர் இச்சுரங்கங்களை நினைப்பதுண்டு.

தாயைப்பற்றி வெல்ஸ் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். அவரைப்போல் அப்பதவிக்குத் தகுதியற்றவர் அரிது; ஆட்களுக்கு வேலை பங்கிடவும், பண்டம் வாங்கவும், சிக்கனம் பண்ணவும் அவருக்குத் தெரியாது; கணக்கு அவர் கையில் கலங்கிக் கிடந்தது என்பதே அவர் கருத்து. மகன் சொல்வது கடுமைதான். பொய்யென்று நான் நினைக்கவில்லை. ஆனால் தையலும் தலைவாருதலும் கற்ற ஒரு தோழிப்பெண்ணை, சிறு கடையைக்கூடக் கரைசேர்க்க முடியாமற் போனவரை, ஒரு பெருமனையின் சாவிக்கொத்தை ஏந்தும்படி வைத்தது யார்? பன்னிரண்டு ஆண்டு அக்கணக்கை ஏற்றுக்கொண்டே வந்தது யார்? 1893-ல், 70 வயதில், காது மந்தமாகிப்போன ஸாராவை வேலையினின்று நீக்கினார்கள். இளமையில் தொடங்கிய நட்பு அவ்வாறு முடிந்தது. வெல்ஸ் 1909-ல் எழுதிய நவீனம் ஒன்றில் அம்மாளிகையை வேறு பெயரிட்டு வருணித்து, ஆங்கில நாடு முழுவதும் இத்தகைய மாளிகை ஒன்றின் நிழலே என்று விளக்கினார். அவ்வடி மாடியில் வளர்ந்தவருக்கே வாய்க்கக்கூடிய பார்வை அது.

வட வேல்ஸில், ரெக்ஸம் நகரையடுத்த எர்டிக் மாளிகைக்கு வருவோம். அதை 1680-களில் கட்டத் தொடங்கிய ஜோஷுவா எடிஸ்பரி, கட்டிய கடனிலேயே மூழ்கினார். பின்னர் அது யார்க் குடும்பத்தாரிடம் 1733 முதல் இருந்தது. அக்குடும்பத்தார் வேறெங்கும் காணாத ஒரு காரியம் செய்தனர். முதலாம் பிலிப் யார்க் 1790-களில் தம் ஊழியரின் உருவங்களைத் தைலவர்ணத்தில் தீட்டச் செய்து, ஒவ்வொன்றிலும் தாமே செய்யுள் எழுதிச் சேர்த்தார். தச்சர், வேட்டைக்காவலர், சமையற்கட்டு ஆள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். துடைப்பத்தோடு நிற்கும் ஜேன் எப்ரெல் என்ற பணிப்பெண்ணுக்கு, 1793-ல் அப்படம் எழுதப்பட்டபோது, வயது 87. நிழற்படம் வந்தவுடன் 1852-ல் ஊழியரைக் கூட்டமாக நிறுத்திப் படம் பிடித்தனர். ஒவ்வொருவரும் தம் தொழிற்கருவியைக் கையில் பிடித்திருக்கும் படங்களும் அங்கே உண்டு.

இத்துணை அன்புள்ள இல்லத்திலும் கணக்கு ஏடு வேறொரு கதையைச் சொல்லிற்று. இரண்டாம் பிலிப் யார்க் 1902-ல் லூயிஸா என்ற அம்மையாரை மணந்தார். பாதிரியார் வீட்டில் வளர்ந்த அவருக்குப் பெருமனை நடத்திப் பழக்கமில்லை. அவ்வாண்டில் வந்த ஒரு பெண்ணுக்கே சமையலும் ஹவுஸ்கீப்பர் வேலையும் சேர்த்துக் கொடுத்தார். இரு பதவி, ஒரு சம்பளம். கடைக்காரர்களுக்குச் செலுத்த வேண்டிய பணமும் அப்பெண்ணின் கைவழியாகவே போயிற்று. கடைக்காரரின் ரசீதும் வீட்டு ஏடும் ஒப்புநோக்கப்படாமலே ஆண்டுகள் சென்றன. 1907-ல் பார்த்தபோது சுமார் 500 பவுன் பாக்கி நின்றது. அப்பெண்ணைக் கைதுசெய்து நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரிகள் குற்றவாளியல்ல என்று விடுதலை செய்தனர். பணம் எங்கே போயிற்று? கழிவிலா, வீண்செலவிலா, குடும்பமே உண்டு தீர்த்த விருந்துகளிலா? ஏடே சரியாக இல்லாதபோது யார் சொல்வது! ஆயினும் யார்க் குடும்பத்தார் அவரைத் திருடியென்றே பேசிவந்தனர். ஊழியரின் சித்திரங்கள் நிறைந்த அவ்வீட்டில் அவருக்கு ஓர் இடமும் இல்லை. அன்பு குறைந்ததால் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. மாதத்தில் ஒருநாள் மேசைமுன் இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருந்தால், ஐந்து பவுன் வித்தியாசத்திலேயே இது தெரிந்திருக்கும்.

பிறகு காலம் மாறியது. 1870-களின் இறுதி முதல் அமெரிக்கத் தானியம் மலிந்து குத்தகை வருமானம் குன்றிற்று. 1894-ஆம் ஆண்டில் வந்த மரணச் சொத்துவரி தொடக்கத்தில் மிக உயர்ந்த படியிலும் நூற்றுக்கு 8 தான். 1919-ல் அது 40 ஆயிற்று. 1914-ல் மூண்ட போரில் ஆடவர் படைக்கும், பெண்கள் ஆயுதசாலைக்கும் சென்றனர். திரும்பி வந்தோர் பலர் மாளிகையின் அடிமாடிக்கு மீளவில்லை. நிலக்கரியும் ஆளுமின்றி வாடிய பாக்ஸ்டனின் கண்ணாடி மாளிகையை 1920-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெண்கள் பள்ளி குடியேறி, சித்திரக் கூடங்களில் மாணவியர் உறங்கினர். பத்தாம் கோமகன் வரிக்குத் தப்பும் பொருட்டுச் சொத்தை மகனுக்கு மாற்றி எழுதினார். ஐந்தாண்டு உயிரோடிருந்தால் அது செல்லும். சில வாரங்களே குறைய, 1950 நவம்பரில் இறந்தார். நூற்றுக்கு 80 வீதம் வரி விழுந்தது. மூத்தோர் கட்டிய ஹார்ட்விக் மாளிகையையும் அரிய சித்திரங்களையும் கொடுத்து அக்கடனைத் தீர்க்க 1974 வரை பிடித்தது.

அப்பார்க் 1954-ல் தேசிய நம்பிக்கை நிதியத்தைச் சேர்ந்தது; 1989-ல் தீப்பற்றி எரிந்து, செப்பனிடப்பெற்று, 1995-ல் மீண்டும் திறக்கப்பட்டது. எர்டிக்கின் கடைசித் தலைவர் மூன்றாம் பிலிப் யார்க், மின்விளக்குக்கூட இல்லாத வீட்டில் ஊழியரின்றித் தனித்து வாழ்ந்தார். வீட்டின் அடியில் நிலக்கரி வெட்டியதால் மாளிகை ஐந்தடி தாழ்ந்து, சுவர்கள் பிளந்து, மழைநீர் உள்ளே ஒழுகியது. 1973-ல் அவர் எல்லாவற்றையும் அந்நிதியத்துக்கே கொடுத்தார். பழுதுபார்த்து 1977-ல் பொதுமக்களுக்குத் திறந்தபொழுது, முன்வாயில் வழியாக யாரையும் விடவில்லை. வந்தவர்கள் தச்சுக்கூடம், கொல்லன் உலை, குதிரைலாயம், சலவையறை, சமையற்கட்டு ஆகியவற்றைக் கடந்து, ஊழியரின் படங்கள் மாட்டிய வழியாகச் சென்ற பின்னரே குடும்பத்தாரின் கூடத்தை அடைந்தனர்.